பன்னிரண்டாவது பெயர்

தொழிற்சாலையில் அவளைத் தரகர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இதுவரை யாருக்கும் கல்யாணம் பேசி முடித்ததில்லை. சொந்தத் தங்கைக்கு வரன் பார்த்தபோதுகூட இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வீட்டில் ஒரு மனத்தாங்கல் இன்றும் உண்டு. பட்டம் வந்தது வேலையால்.

அந்தத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குக் காற்று மெத்தை செய்கிறது. மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்க, மெத்தைக்குள் இருக்கும் பைகளில் காற்று மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு பம்ப், ஒரு சர்க்யூட் போர்டு, போர்டுக்குள் ஒரு புரோகிராம். புரோகிராமை ஏழெட்டுப் பேர் துண்டு துண்டாக எழுதுகிறார்கள். துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கித் தருவது அக்காவின் வேலை.

பதினோரு வருடங்களுக்கு முன்பு புதிதாக வந்த மேனேஜர், விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர், அவளிடம் கேட்டார். "எல்லாரும் ஹெடர் பிராப்ளம், லிங்கர் பிராப்ளம்னே சொல்றாங்க. எனக்குப் புரியிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்."

"ஹெடர் ஃபைல்னா வரனைப் பத்தின பேப்பர் சார்" என்றாள் அவள். "பையன் இருக்கான், இன்ன படிப்பு, இவ்வளவு உயரம்னு எழுதியிருக்கும். நாம எழுதினதை மிஷினுக்குப் புரியிற மாதிரி மாத்துற கம்பைலர் அந்தப் பேப்பரைப் பார்த்தே சரின்னு தலையாட்டிடும். பையனை நேர்ல பார்க்காது. துண்டுகளைச் சேர்த்து வைக்கிற லிங்கர்தான் தரகர். அது வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டும். ஆள் இல்லன்னா, 'அப்படி ஒருத்தனே கிடையாது'ன்னு திரும்பி வந்து சத்தம் போடும். ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்து நின்னா, 'இதுல எவன் மாப்பிள்ளை?'ன்னு கேட்டுட்டு அங்கேயே உட்கார்ந்துடும்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். மத்தியானம் கேன்டீனில் தரகர் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. படித்தது தாவரவியல். ஸ்டோர் ரூமில் உதிரி பாகங்களின் எண்களை டைப் அடிக்கத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது புரோகிராமைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் கால் ஒடிந்து ஆறு வாரம் வராமல் போக, "இந்த நாலு வரியை அடிச்சா போதும், நீ அடிம்மா" என்று உட்கார வைத்தார்கள். முதல் நாள் நாலு வரி அடித்தாள். முந்நூறு பிழை வந்தது. அவள் பயந்து போகவில்லை. இலைகளை அடுக்கிப் பிரித்துப் பழகிய கை. முந்நூறையும் அச்செடுத்து, ஒரே மாதிரி இருப்பதை ஒரு பக்கமாக அடுக்கினாள். கடைசியில் மிஞ்சியது ஒன்று. ஹெடர் ஃபைல் ஒன்றின் முடிவில் யாரோ ஓர் அரைப்புள்ளியைப் போடாமல் விட்டிருந்தார்கள். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அதன் குட்டிகள்.

கால் சரியாகி வந்தவருக்கு வேறு நாற்காலி பார்த்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவளிடம் வராத வழக்கு இல்லை. "என் கம்ப்யூட்டர்ல ஓடுது, உங்க கம்ப்யூட்டர்லதான் ஓடல" என்று மூன்று நாள் சண்டை பிடித்தவர் ஒருவர். ஃபைலின் பெயரில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்திருந்தார். அவர் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது, இவளுடையது கண்டுகொள்ளும். இன்னொருவர் ஹெடரைத் திருத்தித் திருத்திப் பார்த்தும் எதுவுமே மாறவில்லை என்று தலையில் கை வைத்தார். அதே பெயரில் பழைய நகல் ஒன்று வேறு ஃபோல்டரில் கிடந்தது. கம்பைலர் முதலில் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரு வாரமா நீ தப்பான வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்க" என்றாள் அக்கா.

வீடு நாலாம் மாடியில், இரண்டு அறை. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். காலை ஷிஃப்ட்டில் ஒன்றரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு, நாள் தவறாமல் "சாப்பிட்டியா?" என்று போன் செய்வார். மகள் வெளியூரில் படிக்கிறாள். அம்மாவின் வேலை என்ன என்று கேட்டால் "பசை" என்பாள்.

இந்தத் தொழிற்சாலைக்கு என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல முடியாது. அங்கே காற்றைக் காற்று என்று யாரும் சொல்வதில்லை. வளி என்பார்கள். "வளி எவ்வளவு இருக்கு?" "நாற்பத்தஞ்சு இருக்கு." "பையில வளி கசியுது பாரு." முதல் புரோகிராமை எழுதிய மனிதர் தொடங்கி வைத்த பழக்கம் இது. அவர் புரோகிராமுக்குள் வரும் எல்லாப் பெயர்களையும் தமிழில்தான் வைப்பார். அதனால் அவருக்குக் கவிஞர் என்று பெயர். கவிதை எழுதியவர் இல்லை. வேலையை விட்டுப் போய் வெகு காலமாகிறது. ஆனால் அவர் வைத்த வழக்கம் நிலைத்தது. பின்னால் வந்தவர்களும் தமிழில்தான் பெயர் வைத்தார்கள். கீபோர்டில் இருப்பது ஆங்கில எழுத்து. அதனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். ள வந்தால் பெரிய எல் போடலாம். கவிஞருக்கு ஷிஃப்ட் பட்டனை அழுத்தச் சோம்பல்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவின் கம்ப்யூட்டரில் புதுக் கம்பைலர் ஏறியது. பழையதை இனி ஏற்க முடியாது என்று பரிசோதனை லேப் கடிதம் போட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் புதுக் கம்பைலரில் சேர்த்த புரோகிராமை லேபுக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்பது பத்துக்கு அவள் கட்டளையை அடித்தாள். நாற்பத்தொரு வரி பிழை வந்தது. எல்லாம் ஒரே புகார்: ஒரே பெயரில் இரண்டு பேர்.

காரணம் அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. ஹெடர் ஃபைலில் ஒரு மாறியின், அதாவது ஓர் எண் குடியிருக்கும் அறையின், பெயரை எழுதும்போது, "இது வேறெங்கோ இருக்கிறது" என்று காட்ட ஒரு சொல் முன்னால் போட வேண்டும். கவிஞர் காலத்திலிருந்து யாரும் போட்டதில்லை. அதனால் அந்த ஹெடரை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு துண்டும் அதே பெயரில் தனித்தனி மாறி ஒன்றைச் செய்துகொள்ளும். பழைய கம்பைலர் பெரிய மனசுக்காரன். பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதான் என்று எண்ணி, எல்லாருக்கும் ஒரே அறையைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடும். புதுசுக்கு அந்தத் தாராளம் இல்லை.

மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பதினோரு வருடத்தில் அவருக்கும் கொஞ்சம் பழகியிருந்தது.

"அக்கா, இதுக்கு ஒரு சுவிட்ச் இருக்காமே. போட்டா பழசு மாதிரியே வாயை மூடிக்குமாம்."

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன யோசனை?"

"என்ன சொல்ல வருதுன்னு கேட்டுட்டு மூடறேனே."

"பன்னிரண்டு மணி."

"பதினொன்னரைக்குத் தரேன். நீங்க பின்னாடி நிக்காம இருந்தா பதினொன்னேகாலுக்கு."

அவர் போனார். போன கையோடு ஸ்பேனர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஸ்பேனர் என்பது ஆஸ்பத்திரிகளுக்குப் போய் மெத்தைகளைப் பழுது பார்க்கிறவனின் பட்டம். முப்பத்தெட்டு வயது, ஆறடி, இரண்டு பிள்ளைகள். பத்து நாளாக அவனை வெளியே அனுப்பவில்லை. அன்று மூன்று மணிக்கு அவன் மேல் விசாரணை. யாரும் பக்கத்தில் உட்காரச் சொல்லாததால் அவன் அக்காவிடம் வந்தான்.

வழக்கு இது. ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை புகார்: மெத்தை தானாக இறங்கிவிடுகிறது. மூன்று முறையும் ஸ்பேனர் போனான். பெட்டியை அணைத்துப் போட்டான், நன்றாக ஓடியது, "குறை இல்லை" என்று எழுதிக் கொடுத்து வந்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு ஒரு நோயாளியின் முதுகில் தோல் பிய்ந்தது. ஆஸ்பத்திரி கடிதம் எழுதியது. பெட்டிக்குள் இருந்த பதிவை எடுத்துப் பார்த்தார்கள். நாற்பத்தைந்தில் நிற்க வேண்டிய வளியின் இலக்கு ஏழில் இருந்தது. அந்த எண்ணை நர்ஸ் மாற்ற முடியாது. சர்வீஸ் சாவியைச் செருகினால்தான் மாற்ற முடியும். கடைசியாகச் செருகியது ஸ்பேனரின் சாவி.

"நான் மாத்தலக்கா" என்றான். "இதைப் பாருங்க. இதை வெச்சுத்தான் என்னை முடிக்கப் போறாங்க."

புகார்த் தாள். போனில் வந்த புகாரை முன்மேசைப் பெண் டைப் அடித்தது. அந்த மேசையில் தமிழ் கீபோர்டு கிடையாது, எல்லாம் ஆங்கில எழுத்து. ஸ்பேனர் விரலை வைத்து வாசித்தான்: "வளி மாத்தினா மெத்தை இறங்குது."

"வளிய மாத்தினா இறங்காம பறக்கவா செய்யும்?" என்றான். "யார் மாத்தினா, அதான கேள்வி. சாவி என் பாக்கெட்ல. பெட்டியே தானா நம்பரை மாத்திக்க வழி இருக்காக்கா?"

"புரோகிராம் தானா எதையும் மாத்தாது தம்பி. யாராவது சொன்னாத்தான் மாத்தும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவன் தாளை மடித்து வைத்துக்கொண்டு எழுந்தான். "சரிக்கா. கேன்டீன்ல இருக்கேன். அங்க டீ போடறவர் மட்டும்தான் இன்னும் என்னைத் திருடன் மாதிரி பார்க்கல. நேத்திலிருந்து அவரும் சர்க்கரையை எண்ணித்தான் போடறார்."

அக்கா தன் வழியில் வேலையைத் தொடங்கினாள். நாற்பத்தொரு வரி, ஆனால் பெயர்கள் பன்னிரண்டுதான். பென்சிலால் ஒரு பட்டியல். ஒவ்வொரு பெயரையும் எடுத்து, ஹெடரில் அந்த விட்டுப்போன சொல்லைச் சேர்த்தாள். மாறியை ஒரே ஒரு துண்டில் குடிவைத்தாள். சேர்த்துப் பார்த்தாள். பிழைகள் நாலு நாலாக, ஐந்து ஐந்தாகக் குறைந்தன. பதினோரு மணிக்குப் பதினொரு பெயர் முடிந்தது.

பன்னிரண்டாவது பெயர் வி, ஏ, எல், ஐ. வளி.

அதற்கும் அதே வைத்தியம் செய்தாள். ஒரு வரி போகவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர், இன்னும். ஒன்று பம்ப்பை நடத்தும் துண்டு. மற்றது நர்ஸ் தொடும் பேனலை நடத்தும் துண்டு.

பேனலுக்கு வளி எதற்கு? நர்ஸ்தான் அதைத் தொடவே முடியாதே. அவள் பேனலின் ஹெடர் ஃபைலைத் திறந்தாள். பம்ப் ஹெடருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் தனியாக அதே நான்கு எழுத்து. மேலே ஒரு குறிப்பு: பூஜ்யம் முதல் பத்து வரை. குறிப்பின் முடிவில் எழுதியவரின் முதலெழுத்துகள், ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

எழுத்துகள் அவளுடையவை.

ஆள் பற்றாக்குறையாக இருந்த ஒரு மாதத்தில் பேனலின் ஒரு திரையை அவளையே எழுதச் சொன்னார்கள். நோயாளிக்கு எவ்வளவு வலி என்று நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை நர்ஸ் கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைப் போடும் திரை. அந்த எண்ணுக்கு அவள் வைத்த பெயர் வலி. வி, ஏ, எல், ஐ.

அப்போது பேனலும் பம்ப்பும் தனித்தனிப் போர்டு, தனித்தனிப் புரோகிராம். ஒரே பெயரில் ஆளுக்கொரு வீட்டில் இருந்தால் யாருக்கு என்ன? ஆறு மாதத்துக்கு முன்பு புது மாடலில் இரண்டு போர்டையும் ஒன்றாக்கினார்கள். இரண்டு புரோகிராமையும் ஒன்றாகச் சேர்த்தது அக்கா. ஒரு பிழைகூட வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பழைய கம்பைலர் பெயரைப் பார்த்தது, இரண்டும் ஒன்று என்று நினைத்தது, வளிக்கும் வலிக்கும் ஒரே அறையைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தது.

நோயாளி "ஏழு" என்றால் நர்ஸ் ஏழு போடுவார். அந்த ஏழு போய் விழுவது வளியின் அறையில். பம்ப் ஏழை நோக்கிக் காற்றை இறக்கும். இலக்கே இறங்கிவிட்டதால் அலாரமும் அடிக்காது. காலையில் துடைக்கும்போது பெட்டியை அணைத்துப் போடுவார்கள், நாற்பத்தைந்து திரும்பி வரும். ஸ்பேனரும் போய் அதையேதான் செய்தான்.

அப்புறம் அந்தப் புகார்த் தாள். தொழிற்சாலைக்கு வெளியே எந்த நர்ஸ் காற்றை வளி என்று சொல்வார்? அந்தத் தாளை இங்கே பத்துப் பேர் வாசித்தார்கள். பத்துப் பேரும் வளி என்று வாசித்தார்கள். அவளும்தான், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு. நர்ஸ் சொன்னது வலி. வலி மாற்றினால் மெத்தை இறங்குகிறது.

அக்கா கீழே சோதனை அறைக்குப் போனாள். அங்கே ஒரு கட்டிலில் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பெட்டியில் ஆறு மாதப் பழைய புரோகிராமை ஏற்றினாள். அழுத்தமானியின் முள் நாற்பத்தைந்தில் நின்றது. வலித் திரையைத் திறந்து ஏழு போட்டாள். காற்று மெல்லச் சீறி வெளியேறியது. இரண்டு நிமிடத்தில் முள் ஏழுக்கு வந்தது, மணல் மூட்டை பலகையில் உட்கார்ந்தது. அணைத்துப் போட்டாள். நாற்பத்தைந்து. இந்த முறை பூஜ்யம் போட்டாள். மெத்தை துணி மாதிரி படுத்துவிட்டது. வலியே இல்லை என்று சொன்ன நோயாளிதான் வெறும் பலகையில் கிடந்திருக்கிறார்.

மேலே வந்து மேனேஜரை அழைத்துப் போய்க் காட்டினாள். அவர் நாலு முறை தானே அழுத்திப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"இன்னைக்கு அனுப்பறதுல சரி பண்ணிட்டீங்களா?"

"பேரை மாத்திட்டேன். சரியாயிடுச்சு."

"அப்ப புது புரோகிராம் போனா பிரச்சினை முடிஞ்சுது."

"மூணு மணிக்கு விசாரணை இருக்கே சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, நான் கெட்டவன் இல்ல. யோசிச்சுப் பாருங்க. இது வெளிய தெரிஞ்சா அந்த ஆஸ்பத்திரில இருக்கிற முப்பது கட்டிலும் திரும்பி வரும். மத்தவங்களும் கேப்பாங்க. அவனுக்கு வேற கம்பெனில வேலை கிடைக்கும், நானே சொல்லி விடறேன். உங்க கையெழுத்து அந்த ஃபைல்ல இருக்கு. சேர்த்ததும் நீங்க. இதை ஏன் மேஜை மேல வைக்கணும்?"

"அவனுக்கு எந்தக் கம்பெனில சார் கிடைக்கும்? நோயாளி மெத்தையில கை வெச்சவன்னு எழுதி அனுப்பினா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "லேபுக்கு அனுப்பிடுங்க" என்றார்.

அனுப்பினாள். மணி பதினொன்று ஐம்பது.

ஒன்றரைக்கு வழக்கம்போல் போன் வந்தது.

"சாப்பிட்டியா?"

"இல்லைங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன்." அவள் சொன்னாள். பேருந்து ஓட்டுகிறவருக்கு மாறியும் ஹெடரும் தெரியாது. பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் பாதி புரியும்.

"அதாவது, ரெண்டு பஸ்ஸுக்கு ஒரே நம்பர் போட்டிருக்கு. வேற வேற டிப்போல ஓடற வரைக்கும் பிரச்சினை இல்ல. ஒரே ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்ததும் ஜனங்க தப்பான பஸ்ல ஏறிட்டாங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான். கொண்டு வந்தது நான்."

"கண்டக்டரை நிறுத்தப் போறாங்களா?"

"மூணு மணிக்கு."

"உன்னை என்ன செய்வாங்க?"

"தெரியல. அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"அனுப்பினா வீட்ல இரு. தினமும் சாப்பிட்டியான்னு போன் பண்ற செலவு மிச்சம்" என்றார் அவர். பிறகு குரல் இறங்கியது. "முதல்ல ஏதாவது சாப்பிடு. வெறும் வயித்துல போனா பேச்சு நடுங்கும்."

அவள் இரண்டு பிஸ்கட் தின்றாள். பேச்சு எப்படியும் நடுங்கத்தான் செய்தது.

விசாரணை முதலாளியம்மாவின் அறையில். முதலாளியம்மா அறுபது வயதுக்காரர். பேச்சைச் சுருக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர். மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜர், எதிரில் ஸ்பேனர். அவன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். அக்கா கதவைத் தட்டிவிட்டு, ஒரு கையில் பழைய புரோகிராம் ஓடும் பெட்டியும் மறு கையில் அழுத்தமானி மாட்டிய ஒற்றைக் காற்றுப் பையுமாக உள்ளே வந்தாள்.

"நீ எதுக்கும்மா? உன்னைக் கூப்பிடலையே."

"அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா. பிளக் எங்க இருக்கு?"

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். ஸ்பேனர் எழுந்து பிளக்கைச் செருகினான். செருகியதும் அவனிடமிருந்து சர்வீஸ் சாவியை வாங்கி முதலாளியம்மாவின் முன் வைத்தாள் அக்கா.

"சாவி உங்ககிட்ட இருக்கு. இப்ப வலி எவ்வளவுன்னு ஒரு நம்பர் போடுங்கம்மா."

"எனக்கா?"

"யாருக்கோ."

முதலாளியம்மா மூன்று போட்டார். பை முனகியது. முள் இறங்கத் தொடங்கியது. மூன்றில் வந்து நின்றது.

"நான் சாவியைத் தொடவே இல்லையே" என்றார் முதலாளியம்மா.

"அவனும் தொடலம்மா."

அக்கா புகார்த் தாளை வாங்கி அந்த ஆங்கில எழுத்துகளை இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினாள். முதலாளியம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து, உதடு அசைய, தானும் இரண்டு முறை வாசித்தார்.

"இதுல உன் பங்கு என்ன?"

"ஒரு பேர் கவிஞர் வெச்சது. இன்னொன்னு நான் வெச்சது. சேர்த்து வெச்சதும் நான்தான்."

"பிழைன்னு ஒண்ணும் காட்டலையா?"

"காட்டல. காட்டலைன்னு சந்தோஷப்பட்டேன். எந்தப் பேர் எங்கெங்க வருதுன்னு ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பார்க்கல."

"உனக்கு இது எப்பத் தெரியும்?" முதலாளியம்மாவின் கேள்வி மேனேஜரை நோக்கி.

"மத்தியானம்" என்றார் அவர். அன்று அவரை மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்டார்கள்.

ஸ்பேனர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான். "அக்கா, காலையில நிச்சயமான்னு கேட்டேனே."

"தப்பா சொல்லிட்டேன்டா தம்பி."

"பத்து நாளா என் வீட்டுக்காரி என்கிட்ட பேசல. நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா."

"வரேன்."

முதலாளியம்மா அங்கேயே போனை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். பெட்டியைச் சரிசெய்யும் வரை வலித் திரையில் யாரும் கை வைக்க வேண்டாம், தாளில் எழுதிக்கொள்ளுங்கள், தப்பு எங்களுடையது. வேறு எந்த ஆஸ்பத்திரியும் அந்தத் திரையைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் தாளிலேயே எழுதுவதாக ஸ்பேனர் சொன்னான். இருந்தாலும் எல்லாருக்கும் கடிதம் போகட்டும் என்றார்.

ஸ்பேனர் மேல் இருந்த குற்றச்சாட்டு அன்றே நீங்கியது. அக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, ஒரு வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. அவள் வாசித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை ஸ்பேனரும் அவளும் லேப்டாப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இத்தனை வருட வேலையில் அந்த மெத்தையில் ஆள் படுத்து அவள் பார்த்தது இல்லை. மணல் மூட்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். மூட்டைக்குக் கை கால் இல்லை, ஓரத்தில் செருப்பு இல்லை, தலைமாட்டில் மடித்து வைத்த செய்தித்தாள் இல்லை.

வார்டு நர்ஸ் கட்டையான பெண், வேகமாக நடப்பவர். "நான்தான் மூணு தடவையும் போன் பண்ணேன்" என்றார். "வலி மாத்தினா மெத்தை இறங்குதுன்னு. இதைவிடத் தெளிவா எப்படிங்க சொல்றது? பாட்டா பாடணுமா?"

"தெளிவாத்தான் சொன்னீங்க" என்றாள் அக்கா. "நாங்கதான் எங்க பாஷையில கேட்டுட்டோம்."

முதல் கட்டிலில் ஒரு முதியவர், முதுகில் கட்டு. தோல் பிய்ந்தது அவருக்குத்தான். அக்கா அவரிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கேட்டுக்கொண்டார். ஸ்பேனர் பெட்டியை அணைத்துப் புதுப் புரோகிராமை ஏற்றினான். அழுத்தமானியை வெளியே மாட்டினான். நாற்பத்தைந்து.

"இப்ப எப்படிங்க வலி?" என்று கேட்டார் நர்ஸ். "பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"மூணு."

நர்ஸ் மூன்று போட்டார். மூன்று பேரும் குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

முதியவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன்மா, மூணு சொன்னது தப்பா?"

"இல்லைங்க" என்றாள் அக்கா, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரியாத்தான் சொன்னீங்க."

முழுதாக ஐந்து நிமிடம் பார்த்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். ஸ்பேனர் வயரைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தான். இன்னும் இருபத்தொன்பது இருந்தன.